தேதியை முன்னால் இழுத்த மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு (அன்புள்ள என்பதை வழக்கத்துக்காக எழுதுகிறேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே),

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக இன்றுவரை தண்டனை அனுபவித்து வரும் உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று மட்டும் கேட்காதே. நீ நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும்; ஒரு வீட்டைக் கலக்கிவிட்டுப் போகிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நான் மூச்சு வாங்குகிற இடத்தில் நீ உள்ளே புகுந்து, “அத்தான், நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க” என்பாய். கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஆகையால் உட்கார்ந்து முழுதும் படி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாப்பா பள்ளிப் படிப்பை முடித்தாள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். தெருவில் நொண்டிக்கொண்டு போகிற நாயைப் பார்த்தால்கூட எந்தக் காலில் வலி என்று குனிந்து பார்க்கிற பிள்ளை. அவளுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை என்று நானும் சொன்னேன். பஸ்ஸில் பாதி நாள் போனால் வருகிற கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று. அது கிடைக்காவிட்டால் விவசாயக் கல்லூரி ஒன்று. இரண்டும் கைவிட்டால் என் தையல் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, யார் போய் நின்றாலும் சேர்த்துக்கொள்கிற வணிகவியல் கல்லூரி ஒன்று. ஆக மொத்தம் மூன்று. மூன்று கல்லூரியின் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ள இந்த வீட்டில் ஆளில்லை என்று நீயாக முடிவு செய்துகொண்டு கிளம்பி வந்தாய். கையில் பெரிய அட்டை, இரண்டு வண்ணப் பேனா. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி சிவப்பு, முடிவு வெளியாகும் தேதி பச்சை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாய். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று ரசித்தாய். “இனிமே கவலையே வேண்டாம் அத்தான். இதப் பார்த்து நடந்தாப் போதும்” என்றாய். பார்த்துத்தான் நடந்தோம். எங்கே போய் விழுந்தோம் என்று இப்போது சொல்கிறேன்.

நீ பயணச்சீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே வந்து நில்லுங்கள் என்று ஊரில் உள்ளவர்களை எல்லாம் விரட்டிப் பழகியவன். அந்தப் பழக்கத்தில், சிவப்புத் தேதி அத்தனையையும் ஒரு வாரம் முன்னால் இழுத்து எழுதினாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, பாதுகாப்புக்காம். யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு? இந்த வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாதா? இங்கே யாரும் யாருக்கும் நிஜத் தேதியைச் சொன்னதே கிடையாது. என் கடையில் வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை என்றால் கட்டிங் மாஸ்டரிடம் செவ்வாய் என்பேன். அவர் என்னோடு பல வருடம் குப்பை கொட்டியவர், நான் செவ்வாய் என்றால் வெள்ளி என்று அவருக்குத் தெரியும், ஆகவே வியாழன் வரை துணியைத் தொட மாட்டார். தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும், ஆகவே முதலிலேயே ஞாயிறு என்று சொல்லிவிடுவேன். உன் அக்கா ஒன்பது மணிக் கல்யாணத்தை எனக்கு ஏழரை என்று சொல்லுவாள். நான் அவள் இழுத்ததைத் தள்ளிவிட்டுச் சரியாக ஒன்பதுக்குச் சட்டையைத் தேடுவேன். இப்படி ஒருவர் இழுத்து ஒருவர் தள்ளிக் கடையும் நடந்தது, குடும்பமும் நடந்தது. யார் எவ்வளவு இழுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நடுவில் நீ வந்து யாருக்கும் தெரியாமல் ஒரு இழுப்பு இழுத்தாய். அங்கேதான் எல்லாம் கெட்டது.

முதலில் கால்நடைக் கல்லூரி. உன் சிவப்புத் தேதியைச் சில நாள் குறைத்து உன் அக்கா என்னிடம் சொன்னாள். நான் எதையும் கடைசி நிமிடத்தில்தான் செய்வேனாம். நான் அதிலும் சில நாள் குறைத்துப் பாப்பாவிடம் சொன்னேன். பாப்பா சொன்ன பேச்சுக் கேட்கிற பெண், அதற்கும் முதல் நாளே கணினி முன்னால் உட்கார்ந்தாள். ‘விண்ணப்பப் பதிவு தற்போது நடைபெறவில்லை’ என்று திரையில் வந்தது. “முடிஞ்சுபோச்சே!” என்று உன் அக்கா தரையில் உட்கார்ந்தாள். நான் கடையில் போட்டிருந்த சட்டையோடு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனதில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். போய் இறங்கினால் வாசலில் ஒரு வரிசை நிற்கிறது. எல்லாம் என்னைப் போல ஏமாந்த பெற்றோர் என்று நினைத்து நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு ஆடு, பின்னால் ஒரு கன்றுக்குட்டி. சந்தேகம் வந்திருக்க வேண்டும்தான். கால்நடைக் கல்லூரி, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் தலை நிமிராமல், “என்ன பிராணி?” என்றாள்.

“பொண்ணு.”

“பெட்டையா? சரி, என்ன பிராணின்னு கேட்டேன்.”

“என் பொண்ணும்மா! வயசுக்கு வந்த பொண்ணு, பள்ளிக்கூடம் முடிச்ச பொண்ணு!”

“எங்க, கூட்டிட்டு வரலையா?” என்றாள், இன்னும் நிமிராமல்.

அது கல்லூரியோடு சேர்ந்த கால்நடை மருத்துவமனை. கல்லூரி அலுவலகம் பின்பக்கம். அங்கே இருந்த அதிகாரியின் மேசையைத் தட்டி, என் பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்களா என்று நான் கத்தினேன், அவர் பொறுமையாகத் தண்ணீர் கொடுத்தார். “சார், பதிவு முடியல. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அடுத்த வாரம்தான் திறக்கும்” என்றார். நான் நம்பவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அளவு நாடாவின் முதல் பத்து அங்குலத்தைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டிருந்தது. மறுநாள் அவசரத்தில் அதே நாடாவை வைத்து நான் அளவெடுக்க, கட்டிங் மாஸ்டர், “இந்த ஒல்லியான ஆளுக்கா மொதலாளி, இடுப்பு நாப்பது போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். சிரிக்காதே. அந்த அதிகாரி சொன்ன கடைசித் தேதியை உன் அட்டையோடு வைத்துப் பார்த்தபோதுதான் நீ ஒரு வாரம் இழுத்த விஷயமே எங்களுக்குத் தெரியவந்தது. எப்படியோ அடுத்த வாரம் அந்த விண்ணப்பம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு உனக்கு ஒரு பங்கும் இல்லை.

விவசாயக் கல்லூரிக்கு வருகிறேன். நீ இழுத்தது தெரிந்துவிட்டதா, உன் அக்கா அந்த ஒரு வாரத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டு எனக்கு ஒரு தேதி சொன்னாள். கூட்டினேன் என்று சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. உன் தங்கக்கம்பி அக்கா அல்லவா. நானும் அந்த வாரத்தைக் கூட்டிக்கொண்டு பாப்பாவிடம் சொன்னேன். அவள் திறந்தாள். அதே வாசகம்: ‘விண்ணப்பப் பதிவு தற்போது நடைபெறவில்லை.’ எனக்கு ஒரே பெருமை. “பார்த்தியா, இன்னும் திறக்கல. பதறாதே. அனுபவம் பேசுது” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். தினமும் திறந்து பார்த்தோம். திறக்கவே இல்லை. எப்படித் திறக்கும்? நாங்கள் பார்க்க ஆரம்பித்ததற்கு முதல் நாளே மூடியாகிவிட்டது. மூன்றில் ஒன்று அப்படிப் போயிற்று. மிச்சம் இருந்தது பாப்பா உயிரை வைத்திருந்த கால்நடைக் கல்லூரியும், யாருமே உயிரை வைக்காத வணிகவியல் கல்லூரியும்தான்.

இனிதான் உன் பச்சைத் தேதி. இங்கிருந்து எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் நீதான் காரணம். கால்நடைக் கல்லூரிக்குத் திங்கட்கிழமை முடிவு என்று பச்சையில் போட்டிருந்தாய். அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை. உன் அக்கா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முடிவு பாப்பாவின் போனுக்குத்தான் வரும். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் வெளியே வந்தாள். “வந்துச்சா?” என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். “இன்னும் வரல” என்றாள். செவ்வாய்க்கிழமையும் வரல. நீ போன் செய்து, “வரலன்னா கிடைக்கலன்னுதான் அர்த்தம் அத்தான். கிடைச்சவங்களுக்கு உடனே அனுப்பிடுவாங்க. மனசத் தேத்திக்குங்க” என்றாய். உன்னை யார் கேட்டார்கள்? மனதைத் தேற்றிக்கொள்ளும்படி நீ சொன்ன விஷயம் உன் அக்கா வழியாகத் தெரு முழுக்கப் போயிற்று. மாடி வீட்டுக்காரர் வந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். கட்டிங் மாஸ்டர் வீட்டுக்கே வந்து, “விடுங்க மொதலாளி, நம்ம கடைக்கே வரட்டும். பொத்தான் தைக்கக் கத்துக்கலாம்” என்றார். பாப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், இரண்டு வாய் சாப்பிடுவாள், எழுந்து போய்விடுவாள். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

புதன்கிழமை காலை அவளுடைய அசல் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வணிகவியல் கல்லூரிக்குக் கிளம்பினேன். அதுவும் போய்விட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீண். “கொஞ்சம் பொறுங்கப்பா” என்றாள். துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். போய்க் கொடுத்தேன். ஜன்னலில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். அந்தக் கல்லூரியில் சேர வந்தவரை அவர் வெகுநாளாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதக்கூடவா கால்நடைக் கல்லூரிக்குக் கை வலிக்கிறது, நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன். ஒரு அம்மாள் எடுத்து, “இன்னும் முடியலையே சார். கடைசிப் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமைதான்” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை! படிக்கிறாயா? முடிவே இன்னும் சொல்லவில்லை. நாங்கள் அழுது, ஆறுதல் கேட்டு, டீ ஊற்றி, சான்றிதழையும் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. சிவப்புத் தேதியை இழுத்தாய், தொலைகிறது, அது நாம் செய்ய வேண்டிய வேலை, சீக்கிரம் செய்தால் நல்லது என்று ஒரு முட்டாளுக்குத் தோன்றலாம். பச்சைத் தேதியை எதற்கடா இழுத்தாய்? அது கல்லூரிக்காரன் முடிவு சொல்கிற நாள். நீ அட்டையில் முன்னால் எழுதினால் அவன் பயந்துபோய் முன்னாலேயே சொல்லிவிடுவானா? நீ போட்ட பச்சையால் என் பெண்ணுக்கு நடக்காத தோல்வியை நாங்கள் நாலு நாள் கொண்டாடியிருக்கிறோம். உனக்குப் போன் செய்து கேட்டால், “பச்சைய நான் தொடவே இல்ல அத்தான், கல்லூரி சொன்னத அப்படியே எழுதினேன்” என்று கூசாமல் சத்தியம் செய்கிறாய். நான் பாதியில் போனை வைத்தேன் என்று உன் அக்காவிடம் வருத்தப்பட்டாயாமே. வைக்காமல் என்ன செய்வது? கையில் கிடைத்திருந்தால் கதையே வேறு.

கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அசல் சான்றிதழ் இல்லாமல் சேர முடியாது. உடனே வணிகவியல் கல்லூரிக்கு ஓடினேன். அங்கே வாங்குகிற ஜன்னல் வேறு, திருப்பிக் கொடுக்கிற ஜன்னல் வேறு. கொடுக்கிற ஜன்னலில் அலுவலகக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கும் அடையாளம் தெரிந்தது. அவர் மகன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள என்று கோட்டுத் துணி கொடுத்தவர். கல்யாணம் முடிந்து பேரன் பிறந்து அவன் நடக்கவும் ஆரம்பித்துவிட்டான், கோட்டு இன்னும் என் அலமாரியில் ஒரு கையோடு தொங்குகிறது. நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்த முகத்தோடு, “செவ்வாய்க்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்” என்றார்.

“சார், நிஜமான செவ்வாயா?”

“தேதில நிஜம் பொய்யெல்லாம் உண்டா என்ன?” என்றார். அந்த மனிதர் வேண்டுமென்றே கேட்டார்.

செவ்வாய்க்கிழமை போனேன். “அடடா, ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. நாளைக்கு வந்துடுங்க” என்றார். நான் என் கடையில் நின்று சொல்கிற அதே வார்த்தை, அதே குழைவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகக் கடைக்குப் போய், வந்திருந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, கட்டிங் மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கோட்டுக்கு இன்னொரு கை வைத்து, உள்துணி கொடுத்து, பொத்தான் போட்டு, இஸ்திரி போட்டு முடித்தேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரே நாளில் முடித்த முதல் கோட்டு அதுதான். புதன்கிழமை ஜன்னலில் போய் நின்றேன். அவர் சான்றிதழ் உறையை ஒரு கையால் நீட்டினார், நான் கோட்டை ஒரு கையால் நீட்டினேன். யார் முதலில் விடுவது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அவர் முதலில் விட்டார், பெரிய மனிதர். கோட்டு இப்போது அவருக்குக் கொஞ்சம் இறுக்கம்.

இன்றைக்கு வியாழன். நாளைக்குக் காலை முடிவு. இந்த முறை எங்களில் யாரும் எதையும் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. உன் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று. இனிமேல் இந்த வீட்டு விஷயத்தில் நீ தேதி சொல்லக் கூடாது, கிழமை சொல்லக் கூடாது, மணி என்ன என்று கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நாளைக்கு என்ன முடிவு வந்தாலும் நீ போன் செய்யாதே. இந்தப் பக்கம் வராதே. என் கோபம் தணிகிற நாளை நானே சொல்லி அனுப்புகிறேன், அதுவரை உன் பேனாக்களை மூடி வை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உன்னோடு இருந்தும் அவர்கள் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழட்டும். உனக்குச் சேர வேண்டிய ஆசியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்
(அந்த ஒரு காரணத்தால் மட்டும் உன் அத்தான்)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நேற்றே உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்லிப் பாப்பாவிடம் கொடுத்தேன். பசை தீர்ந்துபோனதால் உறையை ஒட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கடிதத்தோடு கடைக்கே வந்து நின்றாள். கட்டிங் மாஸ்டரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, “இத அனுப்பாதீங்கப்பா. மாமா மேல தப்பில்ல. பச்சைத் தேதி சரியான தேதிதான்” என்றாள்.

திங்கட்கிழமை காலையிலேயே முடிவு வந்துவிட்டதாம். காத்திருப்போர் பட்டியலில் இவள் பெயர். முன்னால் இருப்பவர்கள் சேராமல் போனால்தான் இவளுக்கு இடம், அதைச் சொல்வதுதான் வெள்ளிக்கிழமைப் பட்டியல். அந்த அம்மாள் போனில் ‘கடைசிப் பட்டியல்’ என்றுதான் சொன்னாள். அதற்கு முன்னால் ஒன்று வந்திருக்க வேண்டும் என்று என் மண்டையில் ஏறவில்லை. ஏன் மறைத்தாய் என்று பாப்பாவைப் பிடித்துக் கத்தினேன். அவள் கத்தவில்லை. “சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அந்த வெள்ளிக்கிழமைய அம்மா புதனாக்குவாங்க. நீங்க திங்களாக்குவீங்க. தினமும் வரலையா வரலையான்னு கேப்பீங்க. தினமும் எனக்குக் கிடைக்காமப் போகும். கிடைக்கலன்னா ஒரு தடவ கிடைக்காமப் போனாப் போதும்ப்பா எனக்கு” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாளும் எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை தனியாகக் காத்திருந்திருக்கிறாள்.

இன்று காலை வந்தது. கிடைத்துவிட்டது. உன் அக்கா அழுகிறாள், மாடி வீட்டுக்காரர் இந்த முறை பேசினார். ஆகையால் பச்சைக்காக உன்னைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சிவப்புக்காகத் திட்டியது அப்படியே இருக்கட்டும். கடிதத்தைத் திருத்தி எழுத எனக்குத் தெம்பில்லை, இப்படியே அனுப்புகிறேன்.

இன்னொன்று. எந்த நாள் போய்ச் சேர வேண்டும் என்று பாப்பாவிடம் கேட்டேன். “கிளம்புற அன்னைக்குச் சொல்றேன்ப்பா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் உன் அக்கா கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. பஸ் சீட்டு உன்னிடம் போடச் சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் தெரிகிறது. அப்படியானால் தேதி உனக்குத் தெரியும். மச்சான், மேலே எழுதியதைப் படித்துவிட்டு நீ என்ன நினைத்தாலும் சரி, அந்தத் தேதியை எனக்குச் சொல்லிவிடு. ஒரு நாள்கூட இழுக்காமல் அப்படியே சொல்லு. அவள் கிளம்பும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும்.